அன்னைக்கே நம்பியவள்

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேரை நிறுத்திவிட்ட வருஷம். மறுநாள் யாருக்கு வேலை என்பது ஃபீல்டு ஆபீசர் சிவகுருவின் கையில் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. உர ஸ்டோருக்குள் வைத்து என்னைப் பலாத்காரம் செய்தான்.

சிலோனிலிருந்து திரும்பி வந்த கூட்டத்தில் ஒருத்தி, அம்மா மாரியாயி. நியாயம் கேட்க அவன் வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வந்தது அவன் மனைவி சுமலதா.

"வேலை போயிருமுன்னு கதை கட்டறீங்களா? சிலோன்காரிகளுக்குச் சொல்லியா தரோணும்?"

கதவைச் சாத்திவிட்டாள். மறுநாளே அம்மாவுக்கும் வேலை இல்லை. அந்த வருஷ மழையில் காய்ச்சலோடு படுத்தவள், "அவ நம்பலையே" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனாள்.

சில வருஷம் கழித்துக் குன்னூரில் ஒரு பயிற்சி. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்கும் ஆலோசகர்களுக்கு. நான் சேர்ந்திருந்தேன். மகளிர் குழுத் தலைவியாகச் சுமலதாவும் வந்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏனுங்க, மத்தியானம் சோறு போடுவாங்களா, வெறும் பன்னும் டீயுந்தானா?" என்றாள்.

மதியத்துக்குப் பின் எங்களை ஜோடியாக உட்கார வைத்தார், பயிற்சி தந்த லோயிஸ் அக்கா. ஒருத்தி பாதிக்கப்பட்டவளாக நடிக்க வேண்டும், எதிரில் இருப்பவள் ஆலோசகராக.

"குறுக்கே கேள்வி வேண்டாம். முதல்ல, நான் உங்களை நம்புறேன்னு சொல்லணும். எங்க நிறுத்தறதுன்னு பாதிக்கப்பட்டவங்கதான் முடிவு பண்ணணும்."

நான் நாற்காலியைச் சுமலதாவுக்கு எதிரில் இழுத்துப் போட்டேன். கற்பனையாகச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் உர ஸ்டோரைச் சொன்னேன். அம்மா போய் நின்ற வாசலைச் சொன்னேன். கடைசியில் அவன் பெயரைச் சொன்னேன்.

"மேடம், இவ நடிக்கலீங்க! எங்க ஊட்டுக்காரரைச் சொல்றா!"

அறையே திரும்பிப் பார்த்தது. லோயிஸ் அக்கா ஓடி வந்து என் பக்கம் குனிந்தார்.

"நிறுத்திக்கலாமாம்மா? வெளியே போலாமா?"

"வேண்டாங்கக்கா. இவங்க இன்னும் சொல்லலை."

"நீங்க வேணும்னா எழுந்து போகலாம்," என்றார் சுமலதாவிடம்.

அவளுடைய குழுப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனால் என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்புறேன்" என்றாள்.

"எங்கம்மாவுக்குக் கேக்கலீங்க."

அவள் குரலை உயர்த்தினாள். "நம்புறேன். அன்னைக்கே நம்புனேன். தெரிஞ்சுதான் கதவைச் சாத்துனேன்."

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறனுங்க. இதை அங்கே வந்து சொல்லுங்க."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.