மேல் எட்டுப் படிகள்

அலுவலகப் படிக்கட்டின் முப்பத்திரண்டு படிகளில் இருபத்துநான்குக்கு மேல் யாராலும் ஏற முடியாமல் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. மேல் எட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. தூக்கிய கால், நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. ஏணி வைத்தார்கள், ஏணியிலும் எட்டுப் படி குறைந்தது. கயிற்றில் சாப்பாட்டுக் கூடை ஏறியது, ஆள் ஏறவில்லை. மாடியில் அப்பா மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கணினி இயங்குதளத்தின் உட்கருவான கர்னலை எழுதுபவர். பல செயலிகள், அதாவது ப்ராசஸர்கள், ஒரே நேரத்தில் கை வைத்தாலும் கணக்குத் தப்பாத அடாமிக் எண் ஒன்று கர்னலில் உண்டு. அன்றைக்கு ஒரு வகைச் செயலி மட்டும் அதன் முப்பத்திரண்டு பிட்டில் எட்டைப் பூட்டுப் போட எடுத்துக்கொண்டது. ‘இருபத்துநான்கு பிட்டுக்கு மேல் நம்ப வேண்டாம்’ என்று அப்பா நிரலுக்குள்ளேயே ஒரு கமென்ட், எச்சரிக்கைக் குறிப்பு, எழுதினார். சரியான குறிப்பு. சேமித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவருக்கு முதல் படியிலேயே கால் இறங்கவில்லை. நான்கு வருடம் கழித்துப் பூட்டை வேறிடத்துக்கு மாற்றினார்கள்; எட்டுப் பிட்டும் திரும்பக் கிடைத்தன. குறிப்பை யாரும் தொடவில்லை. அம்மா தெருவில் நின்றபடி ஜன்னலைப் பார்த்துக் குடும்பம் நடத்தினாள். மகள் படித்து முடித்து, அதே அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கர்னலில் எதைச் சேர்க்கவும் நீக்கவும் ஒப்புதல் தருபவருக்குப் ‘பொறுங்க சார்’ என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் சொல்வார். அப்பாவின் குறிப்பை நீக்கக் கேட்டு மகள் அவரிடம் போனாள்.

“பொறுங்க. வெறும் கமென்ட்தானேம்மா, அது யாரை என்ன பண்ணுது?”

“எங்கப்பா இன்னும் வீட்டுக்கு வரல சார்.”

“அது வேற விஷயம். எந்த மூலையில எவன் பழைய மெஷினைக் கட்டிக்கிட்டு அழறானோ! எல்லாத்துலயும் ஓட்டிக் காட்டு. எழுதினவர் சம்மதமும் வேணும்.”

இருபத்திரண்டு வகைச் செயலிகள். ஒவ்வொன்றிலும் எண்ணை இருநூறு கோடி வரை ஏற்றி இறக்கினாள். அந்தப் பழைய வகையில் உயிரோடிருந்த ஒரே இயந்திரம் ஓர் அச்சகத்தில் கிடைத்தது. ஞாயிறுதோறும் அங்கே போய் உட்கார்ந்தாள். எட்டு மாதம் ஆனது. எங்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. முடிவுகளைக் கூடையில் வைத்து அனுப்பினாள்.

அப்பா ஜன்னலுக்கு வந்தார். “நான் எழுதினது தப்பில்ல.”

“தப்புன்னு யாருப்பா சொன்னா? காலம் முடிஞ்சு போச்சு.”

“எடுத்து, ஏதாவது உடைஞ்சா?”

“உடைஞ்சா நான் சரிபண்றேன். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை. நான்காம் நாள் காகிதம் இறங்கியது. கையெழுத்து இருந்தது. அதன் கீழே, ‘ரெண்டு இடத்துல எடுத்திருக்க. டிரைவர் புரோகிராம் ஒண்ணுல எவனோ இதைக் காப்பியடிச்சு வெச்சிருக்கான். அதை யாரு எடுப்பா?’ என்று எழுதியிருந்தார். எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பொறுங்க சார் மாற்றத்தைச் சேர்த்தார். ஐந்து நிமிடத்தில் அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அப்பா வேலைக்குக் கிளம்பினார். மாடிக்குத்தான். “சாயந்திரம் நேரத்தோட வந்துடுங்க” என்றாள் அம்மா. வந்தார்.