வாசலில் வைத்த கிண்ணம்

அப்பாவின் திதியன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சொக் பான்கில் ஆகிய நான், என் மனைவி மியோங்சிம், மகன் கியூஹோ, மருமகள் யோன்ஜு, பேத்தி தாவோன். வேறு யாரும் இல்லை. பிற்பாடு தீவில் பலர் தாங்களும் கூட இருந்ததுபோலப் பேசினார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

படையலுக்கு இன்னும் நேரம் இருந்தது. யோன்ஜு நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். எங்கள் தீவுக்கு எதிரே பல நூறு வருடங்களுக்கு முன் மூழ்கிய சீனக் கப்பலைப் பற்றி, பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்ப்பதற்கானது. உள்ளே பிளாஸ்டர் சில்லுகளும் பசையும் இருந்தன. ஒட்டி முடித்தால் கப்பலில் கிடைத்த கிண்ணம் மாதிரி ஒன்று வரும். ஒட்டும்போது கைபேசியில் கேட்க ஒரு கதையும் உண்டு.

கதையில் ஒரு பெண்குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: இந்தத் தீவின் மீனவர் ஒருவர் வலையில் வந்த கிண்ணத்தில் நாய்க்குச் சோறு வைத்தாராம். அதுவும் கடைசியில் உடைந்துபோனதாம்.

"தாத்தா, அந்த நாய் பேரு என்ன?" என்று தாவோன் கேட்டாள்.

அந்த மீனவர் என் அப்பா. அருங்காட்சியகத்துக்கு இந்தக் கதையைக் கொடுத்தது எதிர்வீட்டு போக்னாம் என்று எனக்குத் தெரியும். அவன் தகப்பன் தன் வலையில் வந்ததையெல்லாம் அதிகாரிகளிடம் ஒப்படைத்துப் பாராட்டுப் பத்திரம் வாங்கியவன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை.

தாவோன் ஒட்டி முடித்தாள். கிண்ணத்தின் அடியில் இரண்டு மீன்கள் எதிரெதிராக நீந்தின. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது பாட்டி வாசல்ல வைக்கிற கிண்ணம்தானே?"

கியூஹோ என்னைப் பார்த்தான். "அப்பா, வாசல்ல வைக்கிறது அந்தக் கிண்ணமா? உடைஞ்சுபோச்சுன்னு தாத்தா ஆபீசருங்ககிட்ட சொன்னாரே."

"உடைஞ்சுதான் இருக்கு. விளிம்புல ஒரு சில்லு இல்ல" என்றாள் மியோங்சிம், அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

அது அரசாங்கச் சொத்து, மறைத்தால் குற்றம் என்று கியூஹோ தாழ்ந்த குரலில் விளக்கினான். யோன்ஜு வேறு மாதிரி சொன்னாள். "பேசாம விட்டுடலாம் மாமா. குடுத்தா தாத்தாவைத் திருடன்னு சொல்லுவாங்க. நாய்க்கதை பரவாயில்ல, சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்கிறாள். நல்ல பெண்தான். சொக் குடும்பத்தில் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். எதுக்கு வெச்சிருந்தோம்னும் சொல்றேன்" என்றேன்.

பொழுது சாய்ந்ததும் படையல் முடிந்தது. அப்பாவுக்குக் குனிந்து வணங்கினோம். பிறகு எப்போதும்போல மியோங்சிம் அந்தக் கிண்ணத்தில் சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மேலே கொஞ்சம் கீரை வைத்து, வாசலுக்கு வெளியே வைத்தாள். கடலில் செத்து, படைக்க ஆளில்லாமல் அலைகிறவர்களின் பங்கு அது. எல்லா வீட்டிலும் அதை ஏதோ ஒரு பழைய தட்டில் வைப்பார்கள். அந்தக் கப்பல்காரர்கள் அயல்நாட்டார், தங்கள் கிண்ணத்தைக் கண்டால்தான் கூச்சமில்லாமல் உட்காருவார்கள் என்று அப்பா சொல்வார். அதற்காகத்தான் அதிகாரிகளிடம் பொய் சொன்னார்.

மறுநாள் படகேறிப் போனேன். கையுறை போட்ட ஓர் அதிகாரி கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார், தலையாட்டினார். மரியாதையான மனிதர். திரும்பும்போது கை காலியாக இருந்தது. கடலைப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

இப்போது அது கண்ணாடிக்குள் இருக்கிறது. நாங்கள் வாசலில் எவர்சில்வர் கிண்ணம் வைக்கிறோம். அவர்கள் வருகிறார்களா என்று தெரியாது.

அந்தக் கப்பல் கிண்ணத்தில் நாய்க்குச் சோறு வைத்தோம் என்று இன்றும் படகுத்துறையில் பேசுகிறார்கள். தவறு. சோறு வைத்தது கடலில் செத்தவர்களுக்கு. அவர்கள் சாப்பிட்டு மீந்ததைத்தான் நாய் தின்றது.