அமுக்காத பட்டன்

மானசாவுக்கு ஒரு கர்வம் உண்டு. சரவணம்பட்டி ஐடி கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் காலை ஏழு மணி வார்த்தை ஆட்டத்தில், அன்றிலிருந்து இன்றுவரை, ஒருத்தரும் அவளை முந்தியதில்லை.

அந்தச் சாட் குரூப்பில் ஐந்து பேர். நாளுக்கு ஒருவர் ஒரு வார்த்தையை ஒளித்துவைத்துக் குறிப்புக் கொடுப்பார். மற்றவர்கள் தங்கள் போனிலேயே அதைக் கண்டுபிடித்து, 'சொல்' என்ற பட்டனை அமுக்கினால்தான் விடை குரூப்புக்கு வரும். ஆட்டத்துக்கு முதலாளியும் இல்லை, நடுவரும் இல்லை. யார் எப்போது கண்டுபிடித்தார் என்பது அவரவர் போனோடு சரி.

காந்திபுரத்தில் போன் கடை வைத்திருக்கும் சுப்பண்ணனும் அந்த ஐவரில் ஒருவர். சார்ஜர் வாங்கப் போனவள், கண்ணாடி மேசைமேல் கிடந்த அவர் போனைச் சும்மா எட்டிப் பார்த்தாள். ஆட்டம் திறந்திருந்தது. இன்று கண்டுபிடித்த நேரம் 7.01. நேற்று 7.02. அவள் ஒருநாளும் ஏழு ஐந்துக்கு முன்னால் சொன்னதில்லை.

"ஏனுங்கண்ணா, தெரிஞ்சும் ஏன் சொல்லலீங்க?"

சுப்பண்ணன் தலையைச் சொறிந்தார். "வேலை போனப்ப குரூப்புல போட்டீங்களே அம்மணி, காலைல எந்திரிக்க இது ஒண்ணுதான் காரணம்னு. அப்பறம் எப்படீங்க முந்தறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாகப் பிச்சையா போட்டார்கள்? "மத்தவங்களும் இப்படித்தானுங்களா?"

"அவங்க போன்ல இருக்கறது எனக்கெப்படீங்க தெரியும்? நாங்க பேசி வெச்சுக்கலீங்க."

அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பல்லடத்து அங்கப்பனின் முறை. "எங்கூர்ல நாள் பூரா ஓடும், ஊரைத் தாண்டாதுங்க" என்று குறிப்புப் போட்டார். விசைத்தறி. தறி ஓட்டுகிற மனுஷன் தறியை ஒளித்துவைத்தால் யாருக்குத்தான் தெரியாது? மானசா பட்டனை அமுக்காமல் காத்திருந்தாள்.

ஏழரை ஆயிற்று. எட்டும் ஆயிற்று. குரூப்பில் மூச்சுப் பேச்சில்லை. எட்டேகாலுக்கு அங்கப்பன்தான் கேட்டார்: "ஏனுங்க மானசா, ஒடம்புக்கு முடியலீங்களா?"

அவளுக்கு நேற்றைய கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நல்லாருக்கேனுங்க. இன்னிக்கு வேற யாராச்சும் மொதல்ல சொல்லுங்க" என்று போட்டாள்.

மற்ற மூன்று பேரிடமிருந்தும் அடுத்தடுத்துப் பதில் வந்தது. "பரவால்லீங்க, நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு அந்த வார்த்தையைக் கடைசிவரை யாருமே சொல்லவில்லை.