சிங்க் வெட்டிய கல்

1

சமையல் மேடைக்குக் கல் பார்க்கத் தென்காசியில் நாசரின் கிரானைட் கடைக்குப் போயிருந்தேன். கல் அமையவில்லை, கடைக்காரர் சொல்லி இந்தக் கதை அமைந்தது. முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறி இறுகிய’ —

அடித்துவிட்டேன். கல்யாண வீட்டில் அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது?

2

வடகரை ஆனந்தவள்ளிக்கு ஒரே மகள், குழல்வாய்மொழி. நிலவியல் படித்தவள். முதலில் பார்த்த இடம் நிச்சயத்தோடு நின்றுபோனது. அடுத்து அமைந்தவன் பட்டாளத்துக்காரன் குற்றாலீஸ்வரன். பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய பெரியம்மா, வாசுதேவநல்லூர் ரெங்கம்மாள், காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “ஒரு இடத்துல கழிச்ச பிள்ளதானே. பரவால்ல.”

அந்தப் ‘பரவால்ல’ ஆனந்தவள்ளியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மகளைப் பற்றி இன்னொரு சொல் அந்த வாயிலிருந்து வரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

(ரெங்கம்மாளைக் கொஞ்சம் நல்லவளாக்கிப் பார்த்தேன். கதை நகரவில்லை. பழையபடியே விட்டுவிட்டேன்.)

3

முகூர்த்தம் குற்றாலத்து மண்டபத்தில். தாலி கட்டியாகிவிட்டது. “அம்மி எங்கம்மா?” என்று ஐயர் கேட்டபோதுதான் ஆனந்தவள்ளிக்கு ஞாபகம் வந்தது. அம்மி வீட்டில், வாஷிங் மெஷின் ஆடாமலிருக்க அதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. போய் எடுத்துவரலாமென்றால், சாரல் நேரம். அருவிக்கு வந்த வண்டிகள் ரோட்டை அடைத்து நிற்கின்றன.

கல்யாணத்துக்கு வந்திருந்த நாசரின் லோடு ஆட்டோவில் ஒரு துண்டுக் கல் கிடந்தது.* கொண்டுவந்து கொடுத்தார்.

“பளபளன்னு இருக்கே தம்பி. அம்மின்னு எவன் நம்புவான்?”

“திருப்பிப் போடுங்கக்கா. அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்கும். பாலீஷ் பக்கம்னா பிள்ளைக்குக் கால் வழுக்கிரும்.”

திருப்பினார்கள். அடிப்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: வேஸ்ட்.

“விக்காத துண்டுல எல்லாம் கடையில அப்படித்தான் எழுதுதது” என்றார் நாசர்.

ரெங்கம்மாள் எங்கே நிற்கிறாள் என்று ஆனந்தவள்ளி திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் இந்த எழுத்து. மஞ்சளைக் குழைத்து அதன்மேல் அப்பினாள். எழுத்து மறைந்த பிறகும் அப்பினாள்.

* மேடைக் கல்லில் சிங்க் பொருத்த ஓட்டை போடுவார்கள். அந்த ஓட்டையிலிருந்து விழும் துண்டு இது.

4

கதையை இங்கே நிறுத்துகிறேன். கிரானைட்டைப் பற்றி ஒரு கட்டுரைக்கென்று சேர்த்து வைத்தது வீணாகக் கூடாது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கொஞ்சம் காக்காப்பொன் என்கிற மைக்கா: கிரானைட் இவ்வளவுதான். கோயில் தூணுக்கும் எல்லைக்கல்லுக்கும் அதைத்தான் தேடுகிறோம். நாசர் வீட்டாரை அடக்கிய கபரின் தலைமாட்டில் மீசான் கல்லாகவும் அது நிற்கிறது. கல்யாணப் பெண்ணை மட்டும் அதன்மேல் ஏற்றி, இதைப் போல அசையாமல் இரு என்கிறோம். (குற்றாலத்து அருவிப் பாறையும் கிரானைட்தான் என்று எழுதி அழித்தேன். குழல்வாய்மொழி வாசிப்பாள், தப்பென்பாள்.)

5

குழல்வாய்மொழி கல்லில் கால் வைத்தாள். குனிந்து, மஞ்சள் படாத ஓரத்தைப் பார்த்தாள்.

“எம்மா, இது கிரானைட்டே கிடையாது. இதுல குவார்ட்ஸே இல்ல.”

“ஏட்டி, பேசாம மிதி.”

(அவள் சொன்னது சரி. பாலீஷ் ஏறுகிற கருங்கல்லையெல்லாம் கடையில் கிரானைட் என்றுதான் விற்பார்கள். நாசர் கடைப் பெயர்ப்பலகையை மாற்ற மறுத்துவிட்டார்.)

குற்றாலீஸ்வரன் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்து மெட்டி போட்டான். ஈர மஞ்சள் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்தது. அவன் முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“ஏலே, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?” என்றாள் ரெங்கம்மாள்.

“ஒண்ணுமில்ல பெரியம்மா. நல்ல கல்லு.”

6

ஒரு முடிவு: அவன் எதையும் பார்க்கவில்லை. மெட்டி இறுக்கம், அதனால் நேரமானது.

இன்னொன்று: பார்த்தான், பெரியம்மாவிடம் சொன்னான், அவள் ஊரெல்லாம் — இதை நான் எழுத மாட்டேன். ஆனந்தவள்ளி பட்டது போதும்.

நடந்ததாக எனக்குத் தெரிந்தது இது. கல் இப்போது ஆனந்தவள்ளி வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிறது. பாலீஷ் பக்கம் மேலே. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, “ஸ்க்ரூடிரைவர் இருக்கா அத்தை? பைக் கண்ணாடி ஆடுது” என்று கேட்டு வாங்கினான். பைக் நின்றது வாசலில். அவன் வெகுநேரம் இருந்தது பின்கட்டில்.

அந்த எழுத்து அப்படியே இருந்தால் அவன் பார்க்கவில்லை. இல்லையென்றால் பார்த்திருக்கிறான், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியிருக்கிறான், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

“நீங்களே பொரட்டிப் பாருங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது” என்றாள் ஆனந்தவள்ளி, போன வாரம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது.

குத்தவைத்து உட்கார்ந்தேன். கல்லோரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் பொடி கிடந்தது. செங்கல் பொடியாகவும் இருக்கலாம். விரலைக் கொடுத்துத் தூக்கினேன். ‘அடிப்பக்கத்தில்’ — என்று எழுதி அடித்துவிட்டேன்.

கனம் ஒன்றும் அதிகமில்லை, ஒற்றை ஆளே புரட்டிவிடலாம். ஆனாலும் அந்தப் பக்கம் நீங்கள் பிடித்தால் நல்லது.