தங்கச்சி மேசை

எங்கள் மின்னணு ஆய்வகத்தின் உதவி ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஆபத்பாந்தவன். அந்த ஆபத்பாந்தவன் என் கூடப் பிறந்த அண்ணன். அதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை.

அண்ணன் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தான். படிப்பு தொடர வேண்டுமானால் இந்த உதவி ஆசிரியர் வேலை கையில் இருக்க வேண்டும். வகுப்புக்கு முன்னால் வந்து கருவிகளைச் சரிபார்த்து மேசைகளில் எடுத்து வைப்பது, வகுப்பு நேரத்தில் மேசை மேசையாகச் சுற்றி வருவது, பிறகு மலைபோல் குவியும் ரிப்போர்ட்டுகளைத் திருத்துவது, இவைதான் அவன் கடமைகள். அவன் நீடிப்பானா மாட்டானா என்பதைப் பருவ முடிவில் பேராசிரியர் மேடம் முடிவு செய்வார்.

மேடம் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லும் விதி ஒன்றே ஒன்றுதான். "பசங்க சர்க்யூட்டைத் தொடாதீங்க. கேள்வி மட்டும் கேளுங்க. அவங்களாவே கண்டுபிடிக்கட்டும்." அண்ணன் நன்றாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் யார் முகம் வாடினாலும் அவனுக்குத் தாங்காது. ஒருவன் கையைத் தூக்கி "சார்" என்று முடிப்பதற்குள் போய் நிற்பான். ஒரு ஒயரைப் பிடுங்குவான், இன்னொன்றைச் செருகுவான், மின்னலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் அலை துள்ளி எழும். "வந்துடுச்சு பாருங்க" என்பான், என்னமோ அதுவாகவே வந்துவிட்ட மாதிரி. மாணவன் அலையை அப்படியே வரைந்துகொண்டு கிளம்பிவிடுவான். ஊரே அவனைக் கும்பிட்டது.

என் மேசைக்கு மட்டும் தனிச் சட்டம். முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும், "இவங்க என் தங்கச்சி. இவங்க ரிப்போர்ட்டை வேற ஆள்தான் திருத்துவாங்க" என்று அறிவித்தான். நியாயம்தான். அதோடு விட்டானா? என் மேசையில் கை பட்டாலே தீட்டு என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்று, "மின்சாரம் எதுவரைக்கும் வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவான். வீட்டில் என் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்பவன், இங்கே என்னை 'நீங்க' என்பான். வகுப்பில் என் இடத்துக்குப் பெயரே தங்கச்சி மேசை என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வேன்.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் பண்றியே, எனக்கு ஒரு ஒயர் மாட்டித் தந்தா உன் கை முறிஞ்சிடுமா?"

"நாளைக்கு ஒருத்தன் விரல் நீட்டிப் பேசிடக் கூடாதுடீ" என்பான்.

அம்மாவோ, "லேப் சண்டையை லேப்லயே முடிச்சுட்டு வாங்க, இங்க எனக்குக் காது வலிக்குது" என்று கதவைச் சாத்துவாள்.

அந்தப் பருவத்தில் நான் பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ப்ரெட்போர்டு என்பது துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பலகை. பாகங்களை அதில் செருகித்தான் சர்க்யூட் கட்டுவோம். அதன் ஓரமாக, மின்சாரம் ஓடுவதற்கென்று நீளமாக ஒரு துளை வரிசை இருக்கும். பக்கத்தில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் ஓடும். உள்ளே இருக்கும் தகடோ சரிபாதியில் அறுந்திருக்கும். நடுவில் ஒரு சிறிய ஒயரால் பாலம் போட்டால்தான் பலகையின் மறுபாதிக்கு உயிர் வரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகும், மின்சாரம் வருகிறதா என்று காட்டும் மீட்டரை வைத்துக்கொண்டு துளை துளையாகத் தொட்டுத் தொட்டு, அழுகையும் ஆத்திரமுமாகத்தான் கண்டுபிடித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் நல்ல பலகை, எனக்கு மட்டும் உடைந்த பலகை, என் ராசி அப்படி என்றுதான் அப்போது நினைத்தேன்.

செய்முறைத் தேர்வு வந்தது. அன்று மேடமே நேரில் வந்து, பெட்டி பிரித்த புதுப் பலகைகளை எடுத்து வைத்தார். உதவி ஆசிரியர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அண்ணன் கதவருகே நின்றான்.

பழக்க தோஷத்தில் முதல் வேலையாக நடுவில் ஒயர் பாலத்தைப் போட்டேன். தேர்வில் கேட்டிருந்த ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டைக் கட்டி முடித்ததும் திரையில் அலை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆய்வகமே இழவு வீடாக இருந்தது. ஒருவன் டிரான்சிஸ்டரை மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தான். ஒருத்தி ஆசிலோஸ்கோப்பின் தலையில் தட்டினாள். எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். அண்ணன் நெளிந்தான்.

அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் வாதாடும் ஒருவன் எங்கள் வகுப்பில் உண்டு. வக்கீல் என்போம். அவன் எழுந்தான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மொத்த லேப்லயும் ஒரே ஒரு சர்க்யூட்தான் வேலை செய்யுது. அது சாரோட தங்கச்சியோடது."

எனக்குச் சுருக்கென்றது. மேடம் என் மேசைக்கு வந்தார்.

"கேள்வி முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது மேடம்."

"அப்ப உங்களுது மட்டும் எப்படி?"

பலகையைக் காட்டினேன். "இந்த ஒயர் மேடம். நடுவுல கட் ஆகியிருக்கும்ல, அதுக்கு."

"அது போர்டோடயே வர்ற ஒயர்தானே? எங்களுக்கெல்லாம் கெட்டுப்போன போர்டு குடுத்திருக்காங்க மேடம்" என்றான் வக்கீல். வகுப்பே ஆமோதித்தது.

"போர்டோட எந்த ஒயரும் வராது" என்றார் மேடம், நிதானமாக. "இவ்வளவு நாளா உங்க போர்டுல அதைப் போட்டது யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மேடம் என்னையே பார்த்தார். சொன்னால் அண்ணனின் வேலை போகும், ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்கும். சொல்லாவிட்டால் அண்ணன் தயவில் தேறியவள் என்ற பெயரோடு என் தேர்வு போகும். இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றேன். பருவம் முழுக்க அவன்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் வாய் திறக்கவில்லை.

"நான்தான் மேடம்."

அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தான்.

"தினமும் வகுப்புக்கு முன்னாடி எல்லா போர்டுலயும் போட்டு வச்சிடுவேன். பாவம், சின்ன விஷயத்துக்குத் திணறுவாங்களேன்னு. இவ போர்டுல மட்டும் போடல. மத்தவங்க சர்க்யூட்ல பாதி என் கைவேலை மேடம். இவ சர்க்யூட்டை நான் ஒரு நாளும் தொட்டதில்லை."

அத்தனை பேர் முன்னால் 'இவங்க' போய் 'இவ' வந்துவிட்டதை அவன் கவனிக்கவே இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் அண்ணனின் ஆராய்ச்சிக்குக் கொள்ளி வைத்தே முடித்துவிட்டேன்.

"இந்தப் பொண்ணைத் தவிர எல்லாருக்கும் மறுதேர்வு" என்றார் கடைசியில். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "உங்களை அனுப்பிட்டா இவங்களுக்கு இனிமே யாரு சொல்லிக் குடுக்கறது? கெடுத்தது நீங்க, நீங்களே சரி பண்ணுங்க. அடுத்த பருவமும் வாங்க. ஆனா ஒண்ணு. இந்த லேபுக்குள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் உங்க கூடப் பிறந்த தங்கச்சியா நினைச்சுக்கணும்."

வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பு முழுவதும் அன்றுதான் முதன்முதலாக என்னைப் பரிதாபத்தோடு பார்த்தது.

மறுதேர்வுக்கு முந்தைய பயிற்சி வகுப்புக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லை. வேடிக்கை பார்க்கவே போனேன். வக்கீல் கையைத் தூக்கினான். அண்ணன் வந்தான், இரண்டடி தள்ளி நின்றான், "மின்சாரம் எதுவரைக்கும் வருதுன்னு பாத்தீங்களா?" என்றான், போய்விட்டான். வக்கீல் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினான்.

"பருவம் பூரா உனக்கு இப்படியேதானா?"

"இப்படியேதான்."

"அழுகை வரல?"

"வந்துச்சு. துடைச்சுக்கிட்டு மீட்டரை எடுப்பேன்."

அவன் பெருமூச்சு விட்டு மீட்டரைக் கையில் எடுத்தான். முதல் துளையில் ஒன்றும் இல்லை, அடுத்ததிலும் ஒன்றும் இல்லை. அண்ணன் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பொறுக்க முடியாமல் பாதி தூரம் வந்தான், நின்றான், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனான். என் மேசைப் பக்கமும் அவன் இப்படி எத்தனையோ முறை பாதி தூரம் வந்து திரும்பியிருப்பான். அப்போதெல்லாம் அவன் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அவன் வந்த பாதி தூரத்தை நான் பார்த்ததே இல்லை.