பீரோவுக்குள் வைஃபை

மண்ணூரில் நாங்கள் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக்கும், கீழே இருக்கும் வீட்டுக்கார மெர்சி அக்காவுக்கும் ஒரே வைஃபைதான். மூன்று மாதமாக அது இருந்தும் இல்லாத மாதிரி. கோவில்பட்டியிலிருந்து வீடியோ காலில் வரும் அம்மா, வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிவாள்.

ஞாயிற்றுக்கிழமை வைஃபை கம்பெனியிலிருந்து இன்ஜினியர் நிலவன் வந்தார். லைனில் கோளாறு என்றால் இலவசம், வீட்டுக்குள் என்றால் முந்நூற்றைம்பது ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"எங்க வூட்ல இன்னா கோளாறு? எல்லாம் உங்க லைன்தான்" என்றார் அக்கா.

நிலவன் வெளியே லைனைச் சோதித்தார். வேகம் சரியாக இருந்தது.

"பாக்ஸ் எங்கக்கா?"

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைஃபை பாக்ஸ் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒயர் போக, பீரோவின் முதுகில் துளை வேறு.

"தொலைஞ்சா ரெண்டாயிரம்னு மாட்ட வந்தவரு சொன்னாரு. அதான் பூட்டி வெச்சிக்கினு கீறேன்."

"இரும்புக்குள்ள பூட்டுனா சிக்னல் எப்படிக்கா வெளிய வரும்?" நிலவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாக்ஸைப் பீரோ மேல் வைத்தார்.

சிக்னல் வந்துவிட்டதென்று மாடியில் ஒரே கூச்சல். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். முகம் பளிச்சென்று வந்தது.

"ஏட்டி, முடிய எப்ப வெட்டுன?" என்றாள்.

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். முந்நூற்றைம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ரசீதை நான்காக மடித்து, பாக்ஸ் இருந்த இடத்தில் பத்திரமாக வைத்து, பீரோவைப் பூட்டினார்.