தம்பி வீடு, கடைசியாகப் பார்த்தது

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து, வருகிற பிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மயிரிழை விலகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை வலிக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதால், மடித்த துண்டின் ஓரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்கூட அவளால் சும்மா கடந்து போக முடியாது. கடையிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவள் அக்காதான். நகரப் பேருந்து ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் ஒருமுறை வாய் தவறி அவரும் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர்கள் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. கடையில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர். அக்கா அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, உள்ளே பெரிய ஹார்டு டிஸ்க் போட்டு, படம், பாட்டு, கார்ட்டூன், வீட்டு விசேஷங்களில் எடுத்த வீடியோ என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைத்திருந்தாள். வீட்டு டிவியில் பார்க்கலாம், போனில் பார்க்கலாம். இன்டர்நெட் இருந்தால் ஊரில் எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். எல்லாம் அவளே கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து தூசி தட்டுவாள், படங்களின் பெயர்களைத் திருத்துவாள், மின்விசிறி சத்தம் மாறியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள்.

"எனக்கு வாய்ச்ச சக்களத்தன்டா இவன்" என்பார் டிரைவர், செருப்பை எடுக்கும்போதெல்லாம் பெட்டியைத் தட்டி.

பெட்டிக்குள் நுழைந்து பார்க்க இரண்டே கணக்குகள். ஒன்று 'நம்ம வீடு'. மற்றொன்று 'தம்பி வீடு'.

தம்பி ஊரின் மறு கோடியில் இருந்தான். அச்சகத்தில் வேலை. மனைவி, ஒரு சின்னப் பெண். அந்தப் பாப்பாவுக்கு ஒரு முயல் கார்ட்டூன்மேல் அப்படி ஒரு பைத்தியம். தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது புது டிவி வாங்கி, சுவரில் தானே துளை போட்டு மாட்டினான். அவன் மாமனார் மாமியார் வந்திருந்த நாளில் அக்காவும் போனாள். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது டிவியின் கோணல்தான். வலது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

"கோணலா மாட்டியிருக்கான் பாருங்க" என்று ஆரம்பித்தாள். அதோடு விட்டிருக்கலாம். "இவன் கையில எதைக் கொடுத்தாலும் கோணல்தான். சின்னப் புள்ளையில இவனுக்குப் பென்சில்கூட நான்தான் சீவிக் கொடுப்பேன்."

மாமியார் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வாசல்வரை வந்து, "நீ இனிமே எனக்கு எதையும் செய்ய வேணாம்க்கா" என்றான்.

"சரி, செய்யல" என்றாள் அவள். வீம்பில் அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அதன் பிறகு பேச்சு நின்றுபோனது. போன் இல்லை, வருகை இல்லை. ஆனால் ஒரு நூல் மட்டும் அறுந்துபோகாமல் இருந்தது. பெட்டியின் பக்கத்தைத் திரையில் திறந்தால் எந்தக் கணக்கில் யார் எதைக் கடைசியாகப் பார்த்தார்கள் என்று வரும். அக்கா காலையில் டீ ஆறுவதற்குள் அதைத்தான் பார்ப்பாள். 'தம்பி வீடு, கடைசியாகப் பார்த்தது: நேற்று.' முயல் கார்ட்டூன். இன்னொரு நாள் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று, பாதிவரை. ஓகோ, பாதியில் தூங்கிவிட்டான் என்று தெரிந்துகொள்வாள். பாப்பா ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், அன்றைக்குப் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவாள். முயலின் அடுத்த தொடர் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பெட்டியில் சேர்த்துவைத்தாள். மறுநாளே அது பார்க்கப்பட்டிருந்தது. அன்று முழுக்கக் கடையில் அவள் பாடிக்கொண்டே கண்ணாடி தேய்த்தாள்.

அப்புறம் அது நின்றுபோனது.

முதலில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. 'கடைசியாகப் பார்த்தது' என்பதற்கு எதிரே அதே பழைய தேதி அசையாமல் நின்றது. பெட்டியில் கோளாறோ என்று சோதித்தாள். வீட்டு டிவியில் எல்லாம் பளிச்சென்று ஓடியது. அந்த மாதம்தான் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பழைய மோடத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போயிருந்தான். வேகம் முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஆக, பெட்டியில் குறை இல்லை. அப்படியானால் தம்பிதான் வேண்டாம் என்று விட்டுவிட்டான். எதையும் செய்ய வேண்டாம் என்றான், இப்போது இதுவும் வேண்டாம் என்கிறான்.

டிரைவர் வேறு இடையிடையே நச்சரித்துக்கொண்டிருந்தார். "டெப்போல சாப்பிட உட்காரும்போது ஒரு பாட்டு கேட்கலாம்னா என் சக்களத்தன் வாயே திறக்க மாட்டேங்குறான்."

"உங்க போன்ல டேட்டா தீர்ந்திருக்கும்" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"காலையிலதானே போட்டேன்."

"அப்ப போன் பழசு."

"நான்தான் பழசு" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

ஒரு ஞாயிறு காலை அக்கா ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். வேண்டாம் என்கிறவனுக்குக் கணக்கு எதற்கு? 'தம்பி வீடு' மேல் அழுத்தினாள். 'இந்தக் கணக்கை நீக்கவா? பார்த்த விவரங்கள் அனைத்தும் அழிந்துவிடும்' என்று கேட்டது பெட்டி. பாப்பா எந்த இடத்தில் நிறுத்தினாள் என்பதும் அதில் இருந்தது. முயல் வேலியைத் தாண்டப் போகிற இடம். அக்காவின் விரல் பொத்தான்மேலேயே நின்றது. கோபம் நீக்கச் சொன்னது. ஆனால் நீக்கிவிட்டால் அப்புறம் காலையில் பார்க்க அந்தப் பழைய தேதிகூட இருக்காது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் டிரைவரின் குரல் கேட்டது. "இந்தா, நீயே பாரு. வீட்டுக்குள்ள இருந்தா வருது. வாசல் தாண்டினா வரல. டேட்டா இருக்கு, போனும் நல்லாத்தான் இருக்கு. இவனுக்கு என்னைத்தான் பிடிக்கல."

அக்கா கையை எடுத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"இவனுக்கு என்னைப் பிடிக்கலன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"வாசல் தாண்டினா வரல."

அவள் அவர் போனை வாங்கி வைஃபையை அணைத்தாள். பெட்டியைக் கூப்பிட்டாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் வரவில்லை. வைஃபையைப் போட்டதும் நல்ல பிள்ளை போல வந்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"நானும் எத்தனை நாளா கத்துறேன்" என்றார் டிரைவர். அவருக்கும் ரோஷம் உண்டு.

அக்காவுக்குத் தலையில் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியிலிருந்து யாராவது தேடி வந்தால் இந்தப் பெட்டியிடம் அனுப்பு என்று மோடத்திடம் சொல்லிவைக்க வேண்டும். பழைய மோடத்திடம் சொல்லிவைத்திருந்தாள். புது மோடம் அதைக் கண்டதா? வெளியே இருந்து வருகிற யாரையும் அது உள்ளே விடவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவும் இல்லை. தம்பி கதவைத் தட்டியிருப்பான். ஒரு தரம் இல்லை, பல தரம் தட்டியிருப்பான். அக்கா தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு தலைப்பாகத் தேடி, வெளியாட்களை உள்ளே அனுப்புகிற இடத்தைப் பிடித்து, பெட்டியின் எண்ணை ஞாபகத்திலிருந்து போட்டாள். "வைஃபையை அணைச்சுட்டுப் பாருங்க" என்றாள். அது மட்டும் போதும் என்பதில் டிரைவருக்கு நம்பிக்கை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கிருந்து போன் செய்தார். மோடத்தோடு சேர்ந்து வீட்டின் வெளி முகவரியும் மாறியிருந்ததால் அக்கா புதியதைப் படிக்க, அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லியபடி போட்டார்.

"ஒண்ணும் வரல."

"சுத்துதா, உடனே வரலன்னு சொல்லுதா?"

"உடனே மூஞ்சியில அடிச்ச மாதிரி வரலன்னு சொல்லுது."

அதுவே நல்ல செய்திதான். இத்தனை நாள் பதிலே இல்லை, இப்போது யாரோ பதில் சொல்கிறார்கள். யார் என்று தேடினாள். புது மோடம் வந்தபோது வீட்டிலுள்ள ஒவ்வொன்றுக்கும் புதிதாக எண் கொடுத்திருந்தது. பெட்டியின் பழைய எண் இப்போது டிவிக்குப் போயிருந்தது. வருகிறவர்களை எல்லாம் மோடம் டிவியிடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்க, பாவம் அது என்ன செய்யும்? அக்கா எண்ணைத் திருத்தினாள். இனி எது வந்தாலும் போனாலும் இந்த எண் பெட்டிக்குத்தான் என்று மோடத்தில் கட்டிப்போட்டாள். "இப்பப் பாருங்க" என்றாள். டிரைவர் தெருமுனையில் நின்றபடியே மறுபடி பெட்டியைக் கூப்பிட்டார். பிறகு போனுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது.

"பாடுறான்" என்றார் டிரைவர்.

அவர் திரும்பி வந்தபோது அக்கா சந்தோஷமாக இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதான் சரியாயிடுச்சே."

"தம்பி டிவியில பழைய முகவரிதான் இருக்கு. இங்க என்ன சரி பண்ணினாலும் அங்க போகாது. யாராவது அதுல மாத்திப் போடணும்."

"மெசேஜ் அனுப்பு."

எழுதிப் பார்த்தாள். 'பெட்டியின் முகவரி மாறியுள்ளது.' மின்சார வாரிய அறிவிப்பு மாதிரி இருந்தது. அழித்தாள். டிரைவர் டீ போடப் போனார். இருபது வருஷம் பேருந்து ஓட்டியவருக்கு, எங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று தெரியும்.

அக்கா தம்பியின் எண்ணை அழுத்தினாள். எடுக்காமல் இருந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. எடுத்தான்.

"ம்" என்றான்.

"பெட்டி முகவரி மாறிடுச்சுடா. புது மோடம் மாட்டினாங்க. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. வெளியில இருந்து யாருக்கும் வரல. இவருக்குக்கூட வரல."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"நீ மூடிட்டேன்னு நினைச்சேன்" என்றான். "எதையும் செய்ய வேணாம்னு சொன்னேன்ல. சரி, நிறுத்திட்டேன்னு நினைச்சேன்."

"நான் ஏன்டா மூடப் போறேன். நீதான் வேணாம்னு விட்டுட்டேன்னு நான் இங்க..."

"பாப்பா தினமும் கேட்டுச்சுக்கா, அத்தை வீட்டு முயல் ஏன் வரலன்னு. ரிப்பேர்னு பொய் சொல்லி வச்சேன்."

"பொய் இல்லடா. ரிப்பேர்தான்."

"சரி, நம்பரைச் சொல்லு. டிவி முன்னாடிதான் நிக்கிறேன்."

"மொதல்ல அந்த மேல் மூலையில ஒரு பட்டன் இருக்கும் பாரு, அதை அழுத்தினா..."

"தெரியும்க்கா."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் எதையும் மூடியதில்லை. எண்களை மட்டும் சொன்னாள். அவன் ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்துவது கேட்டது. ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டு, தானே அழித்துத் திருத்தினான். அவள் குறுக்கே வரவில்லை.

அக்காவின் திரையில் தேதி மறைந்தது. அந்த இடத்தில் வேறு வரி வந்தது. 'தம்பி வீடு, இப்போது பார்க்கிறது.' போனில் பாப்பா கத்துவதும், விட்ட இடத்திலிருந்து முயல் வேலியைத் தாண்டிக் குதிக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"வருதாடா?"

"வருது" என்றான். "கோணலாத்தான் இருக்கு. ஆனா வருது."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "அன்னைக்கு அவங்க முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்றாள்.

"விடுக்கா."

"நல்லாத்தான் மாட்டியிருக்கே."

"இந்தப் பொய்யெல்லாம் வேணாம்" என்றான் தம்பி. அவனும் சிரிப்பது கேட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை மாமாவையும் கூட்டிக்கிட்டு வா. சரி பண்ண வராதே. சும்மா வா."

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. டிரைவர் டீயைக் கொண்டுவந்து வைத்தபோதும் அவள் காதில் போன் இருந்தது. உள்ளே பேச்சு இல்லை, முயலின் பாட்டும் பாப்பாவின் கைதட்டலும்தான்.

"அதான் வந்துடுச்சே, போனை வைக்க வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"அவன் வைக்கட்டும்" என்றாள் அக்கா.

டீ ஆறிப்போனது. அவனும் வைக்கவில்லை.